நாற்பத்திரண்டு போனும் கேட்டு மணியும்

செப்டம்பர் 9, திங்கள்

இன்று மணியை நான் அடிக்கவில்லை. போர்மேன் பால்பாண்டி உள்ளேயிருந்து ஓடி வந்து, என் கையிலிருந்த பேப்பரைத் தட்டிவிட்டு, அவரே கயிற்றை இழுத்தார்.

பட்டாசு ஆலைக் கேட்டில் எனக்கு இரண்டே வேலை. காலையில் வருகிறவர்களிடம் போனை வாங்கிப் பெட்டியில் போட வேண்டும். இடி இடித்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்ததும் வெடிமருந்து ரூம்களில் இருக்கிற நாற்பத்திரண்டு பேரும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, கேட்டை ஒட்டிய சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். மருந்து இருக்கும் இடத்தில் மின்னல் இறங்கினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏழாம் நம்பர் ரூமில் என் வீட்டுக்காரி ராக்கம்மா மருந்து செலுத்துகிறாள்.

“என்னய்யா அண்ணாச்சி செஞ்சுக்கிட்டு இருக்கீரு? இடிச்சு நொறுக்குது!” என்றார் பால்பாண்டி.

“பேப்பர்ல மழை நெலவரம் பாத்துக்கிட்டு இருந்தேன். நம்ம ஜில்லாவுக்கு இடி கிடையாதுன்னு போட்டிருக்கான்.”

கூடத்துக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள். பால்பாண்டி சிரிக்கவில்லை. ராக்கம்மாவும் சிரிக்கவில்லை. 

இது போன வருடத்துக் கேட்டு நோட்டு. பின்பக்கம் காலியாகக் கிடந்தது. அஞ்சாங்கிளாஸ் எழுத்துக்கு இது போதும். யாரிடமும் சொல்ல முடியாததை இதில் எழுதி வைக்கலாம் என்று பார்த்தேன். எழுத உட்கார்ந்தால் இதிலும் முழுசாக எழுத வரவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

காதில் தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டேன். அரிப்புக்குத்தான்.

செப்டம்பர் 11, புதன்

மருமகள் மாரீஸ்வரி, வீட்டில் கூப்பிடுவது ஈஸ்வரி, அச்சாபீசில் லேபிள் டிசைன் போடுகிறாள். மகன் லாரியோடு வடக்கே போனால் வர இருபது நாள் ஆகும். அந்த நேரத்தில் அவள் சும்மா இருப்பதில்லை. ஆறு மாதமாக லேப்டாப்பில் ஆப் செய்யப் படிக்கிறாள். சின்னச் சின்னதாக இரண்டு செய்திருக்கிறாள். ஒன்று திறக்கும், இன்னொன்று திறக்காது.

இன்று சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். “மாமா, காலேஜ் மாடியில மின்னலக் கண்டுபிடிக்கிற மிஷின் வச்சிருக்காக. பதினஞ்சு கிலோமீட்டருக்குள்ள எங்க வெட்டுனாலும் தகவல் அனுப்பும். கேட்டேன், தாரேன்னுட்டாக. அந்தத் தகவல் வந்ததும் போன் கத்துற மாதிரி ஒரு ஆப் செய்யப் போறேன். நம்ம ஆலைக்கு.”

“ஆப்பு எதுக்குத்தா? ஒங்க அத்த எனக்கு வச்சது பத்தாதா?”

“வெளையாடாதீக மாமா. திங்கக்கெழம நடந்தத அத்த சொன்னாக.”

என்ன சொன்னாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

“எப்படி எழுதுறதுன்னுதான் கொழப்பமா இருக்கு,” என்றாள். “ரெண்டு வழி இருக்கு. ஆண்ட்ராய்டு போனுக்குன்னு சொந்த பாஷை ஒண்ணு இருக்கு, அதுலயே எழுதலாம். போன்கிட்ட நேருக்கு நேரா பேசலாம். ஆனா ஐபோனுக்கு அது ஆகாது. அதுக்கு வேற பாஷை, மறுபடி மொதல்ல இருந்து எழுதணும். இன்னொரு வழி, பொதுவா ஒரே தடவ எழுதுறது. ரெண்டு போன்லயும் ஓடும்.”

“அப்ப பொதுவா எழுதிட்டுப் போ. ரெண்டு தடவ எழுத நீ என்ன கோட்டிக்காரியா?”

“புதுசா படிக்கிறவுகளுக்கு அதான் லேசுன்னு வகுப்புலயும் சொல்றாக. ஆனா நடுவுல ஒரு ஆளு இருப்பான் மாமா. நாம சொல்றத அவன்தான் போனுக்கு எடுத்துச் சொல்லணும். சாதாரண வேலைக்கெல்லாம் ஒழுங்கா சொல்லிருவான். பூட்டிக் கெடக்குற போன எழுப்பிக் கத்த வைக்கிறது இருக்கே, அத ஒழுங்கா சொல்லுவானான்னு எனக்குத் தெரியல.”

“மாட்டுத் தரகுன்னு சொல்லு. துண்டுக்குள்ள வெரலப் பிடிச்சவன் நம்ம வெலயத்தான் சொல்றானான்னு யாருக்குத் தெரியும்?”

அதற்கு அவள் சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

செப்டம்பர் 13, வெள்ளி

பால்பாண்டி ஆப் விஷயத்தை முதலாளியிடம் சொல்லி, கேட்டுக்கு வெளியே இருக்கிற ஆபீசுக்கு ஈஸ்வரியை வரச் சொல்லியிருந்தார். நானும் ஓரமாக நின்றேன்.

முதலாளி நல்ல மனுஷன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தன் போனைத் தூக்கிக் காட்டினார். “எனக்கும் வரணும்மா. நான் வெளியூர்ல இருந்தாலும் நம்ம ஆலையில என்ன நடக்குதுன்னு தெரியணும்ல?”

அது ஐபோன். ஆலையில் ஐபோன் வைத்திருப்பது ஒரே ஆள். அந்த ஒரு ஆள்தான் முதலாளி.

ஈஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு, “பொதுவா எழுதுனா ஒரே வேலையில முடிஞ்சிரும் மொதலாளி, எம்மருமக சொல்லுச்சு,” என்றேன். முதலாளி மனம் குளிர்ந்தால் திங்கட்கிழமை விஷயத்தை யாரும் கிளற மாட்டார்கள் என்று ஒரு கணக்கு.

வெளியே வந்ததும், “நான் இன்னும் முடிவே பண்ணலியே மாமா,” என்றாள். சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து பொதுவான வழியிலேயே எழுத ஆரம்பித்துவிட்டாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஆலை லீவு. எங்கள் தெருவிலேயே ஈஸ்வரி சோதனை வைத்தாள். ஆலைப் பெண்கள் பதினொரு பேர் போனோடு வந்தார்கள். ராக்கம்மாவோடு ஏழாம் ரூமில் இருக்கிற சுப்புத்தாய்தான் முன்வரிசை. வாய் சும்மா இருக்காது அவளுக்கு. எல்லாரும் என்னைக் கூப்பிடும் பெயர் கேட்டு மாமா. வைத்தவள் அவள்தான்.

ஈஸ்வரி எல்லாப் போனிலும், என்னுடையதிலும் ஆப்பை ஏற்றினாள். முதல் தடவை தகவல் அனுப்பியதும் தெருவே அலறியதாம். பெண்கள் கைதட்டினார்கள். “இப்ப எல்லாரும் போனப் பூட்டிக் கீழ வைங்க, அரை மணி நேரம் தொடாதீக,” என்றாள்.

அரை மணி நேரம் ஊர்க்கதை. சுப்புத்தாய் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைச் சொன்னாள். மாப்பிள்ளைக்கு மூக்கு நீளம் என்றாள். “தலகாணி வேணாம், மூக்க மடிச்சு வச்சே தூங்கிக்கிருவான்,” என்று நான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தி என்னையே பார்த்தார்கள்.

என்னையே ஏன் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஈஸ்வரி எழுந்து வந்து என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எதையோ அழுத்தினாள்.

“கத்திக்கிட்டே இருக்கே மாமா, கேக்கலியா?”

“கேட்டுச்சு கேட்டுச்சு. யாரு மொதல்ல பயப்படுறீகன்னு பாத்தேன்.”

“பாத்தியா, கெழவனுக்குக் குசும்ப!” என்றாள் சுப்புத்தாய். எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். 

அரை மணி கழித்து அவள் மறுபடி தகவல் அனுப்பியதில், பெண்களின் பதினொரு போனில் நாலுதான் கத்தியிருக்கிறது. மற்ற ஏழும் பூட்டியவுடன் தூங்கிவிட்டன. சார்ஜ் மிச்சம் பிடிப்பதற்காகப் போனே ஆப்பைத் தூங்க வைத்துவிடும் என்றாள் ஈஸ்வரி. ஒவ்வொரு போன் ஒவ்வொரு விதமாக. நடுவில் இருக்கிற ஆளுக்கு அதைத் தட்டி எழுப்பத் தெரியவில்லை. அதற்கென்று யாரோ எழுதி வைத்த துணைப் புரோகிராமை எடுத்து ஒட்டிப் பார்த்தாளாம். மனுஷனுக்குப் புரியாத பிழை ஒன்று வருகிறதாம்.

“அனுபவம் உள்ளவுக இதுலயே சரி பண்ணிருவாக மாமா. எனக்குத்தான் எங்க கை வைக்கிறதுன்னு தெரியல,” என்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது. 

செப்டம்பர் 17, செவ்வாய்

காலையில் வழக்கம்போல வரிசை. சுப்புத்தாய் போனை நீட்டினாள்.

“கேட்டு மாமா, எம்போன்ல ஈஸ்வரி நேத்து ஏதோ மாத்திக் குடுத்துச்சு. இப்ப நல்லாக் கத்துது. இனிமே பயமில்ல.”

“கத்துறதுல ஒன்னைய மிஞ்சுமா?” என்று சொல்லிக்கொண்டே போனை வாங்கினேன். வாங்கி, அணைத்து, நம்பர் வில்லையைக் கட்டிப் பெட்டியில் போட்டேன்.

அணைத்து.

நாற்பத்திரண்டு போனையும் நான்தான் வாங்கி அணைக்கிறேன். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, பெட்டியில் இருப்பதும் அணைந்துதான் இருக்க வேண்டும். அதுதான் ஆலைச் சட்டம். பதினாலு வருடமாகத் தினமும் என் கை செய்கிற வேலை. ஆப் செய்யலாம் என்று பேசிய அன்றிலிருந்து போர்மேனுக்கும் தோன்றவில்லை, முதலாளிக்கும் தோன்றவில்லை, அந்தப் பெண்களுக்கும் தோன்றவில்லை. அணைக்கிற எனக்கே தோன்றவில்லை. ஈஸ்வரி கேட்டைத் தாண்டி வந்தவள் இல்லை. அவளுக்கு எப்படித் தெரியும்?

பெட்டியைப் பூட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.  இந்த ஆலையில் உயிரோடு இருக்கிற போன் ஒன்றே ஒன்றுதான். கேட்டுக்காரன் போன். அது என் சட்டைப் பையில் இருக்கிறது.

அது கத்தினால் கேட்க வேண்டியது நான்.

யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 18, புதன்

நாள் பூராவும் வானத்தைப் பார்த்தே கழுத்து வலிக்கிறது. மூன்று மணிக்குத் தெற்கே கறுத்தது. சுவரில் கை வைத்துப் பார்த்தேன், அதிர்வது போல இருந்தது. மணி அடித்தேன். நாற்பத்திரண்டு பேரும் ஓடி வந்தார்கள். பின்னால் ரோட்டில் ஜல்லி லாரி போனதாம்.

“எதுக்கு அண்ணாச்சி அடிச்சீரு?” என்றார் பால்பாண்டி.

லாரிச் சத்தத்தை இடி என்று நினைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த கேள்வி காதைப் பற்றி வரும். “ஒங்க மூஞ்சியெல்லாம் பாத்து ரொம்ப நேரமாச்சேன்னு தோணுச்சு,” என்றேன்.

செப்டம்பர் 19, வியாழன்

மறுபடியும் அடித்தேன். மேகம்தான், இடி இல்லை. இந்தத் தடவை பாதிப்பேர் நடந்து வந்தார்கள். “இன்னைக்கு யாரு மூஞ்சி மாமா வேணும்?” என்றாள் சுப்புத்தாய். பால்பாண்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தீபாவளி ஆர்டர் நேரத்தில் இது விளையாட்டில்லை என்றார்.

அவர் என்னைக் குறும்புக்காரன் என்று நினைப்பதே நல்லது. நல்லதா? தெரியவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

மனசு தாங்கவில்லை. ஈஸ்வரி அடுப்படியில் இருந்தாள். ராக்கம்மா கடைக்குப் போயிருந்தாள். பாதியை மட்டும் சொன்னேன்.

“ஏத்தா, உள்ள போறப்ப எல்லாப் போனையும் அணைச்சுத்தான் வாங்குறேன்.”

கரண்டியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். 

“நாப்பத்திரண்டுமா?”

“நாப்பத்திரண்டும்.”

“மொதலாளி போனு?”

“அவர் இருக்கிற ஊர்ல அது கத்தும். அங்கருந்து மணி அடிக்க அவருக்குக் கை நீளம் பத்தாது.”

“பதினொரு போனையும் தூங்க விடாமப் பண்றதுக்கு நான் அஞ்சு நாளாச் சாகுறேன் மாமா! இத ஏன் மொதல்லயே சொல்லல?”

“எனக்கே செவ்வாக்கெழமதான் ஒறச்சுச்சு.”

“அப்ப செவ்வாக்கெழமயே ஏன் சொல்லல?”

அடுப்பில் பால் பொங்கியது. நான் அதைக் காட்டினேன். எழுந்து அணைத்துவிட்டு வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது, கணக்குக்கு விடை கிடைத்த பிள்ளை மாதிரி.

“அப்ப ஒரே ஒரு போன்தான் மாமா. எந்தப் போன்னும் தெரியும், ஆண்ட்ராய்டுன்னும் தெரியும். இதுக்கு எதுக்கு எனக்குப் பொதுவான வழி? நேரா அதோட பாஷையிலயே எழுதிருதேன். தூங்காதேன்னு நானே அதுகிட்டச் சொல்லுதேன். எந்த வழி லேசு, எந்த வழி ஒஸ்தின்னு பத்து நாளா வீடியோ பாத்துக்கிட்டு இருந்தேன் பாருங்க. கேக்குறவுக யாரு, அவுக கையில எந்தப் போன் இருக்குன்னு மொதல்ல கேட்டிருக்கணும்.”

கேட்கிறவர் யார் என்று அவள் சொன்னபோது நான் கூரையைப் பார்த்தேன்.

“சத்தம் எம்புட்டு வைக்கணும் மாமா?”

“ஊரே கேக்குற மாதிரி வையி,” என்றேன்.

செப்டம்பர் 23, திங்கள்

ஈஸ்வரி முதலாளியைப் பார்க்கப் போனாள். நான் கதவுக்கு வெளியே. எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்துக்கொள்வேன், கதவுக்கு அந்தப் பக்கம் பேசினால் ஒன்றும் தெரியாது. திரும்பி வந்து சொன்னாள்.

“‘அப்ப எம்போனுக்கு?’ன்னு கேட்டாக. ‘ஒங்களுக்கு அப்பறமா தனியா எழுதித் தாரேன் சார். ஒங்க போனுக்கும் கேட்டு போனுக்கும் சேத்து எழுதப் போயி கேட்டு போன் ஒரு தடவ தூங்கிருச்சுன்னா, உள்ள நாப்பத்திரண்டு பேரு’ன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னாரு?”

“தண்ணி குடிச்சாக. பெறகு, ‘கேட்டு போனயே மொதல்ல பாரும்மா’ன்னாக.”

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எல்லாரும் சேர்ந்து பாரத்தை இறக்கி இறக்கி ஒரே இடத்தில் வைக்கிறார்கள். அந்த இடம் நான்.

செப்டம்பர் 25, புதன்

ஈஸ்வரி வேலை முடிந்து வந்து பையைக் கூட இறக்காமல் என் எதிரே உட்கார்ந்தாள். காலையில்தான் புது ஆப்பை என் போனில் ஏற்றியிருந்தாள்.

“அச்சாபீஸ்ல இருந்து மூணு தடவ அனுப்புனேன் மாமா. பதினோரு மணிக்கு ஒண்ணு. ரெண்டு மணிக்கு ஒண்ணு. மூணே முக்காலுக்கு ஒண்ணு. சோதனைன்னு போட்டுத்தான் அனுப்புனேன். கேட்டவுடனே அமத்தணும்னு ஒங்ககிட்டச் சொல்லியிருந்தேன். ஒங்க போன் மூணு தடவயும் கத்தியிருக்கு. எங்கிட்டக் கணக்கு வருது. ஒரு தடவ கூட நீங்க அமத்தல.”

“மத்தியானம் கண்ணசந்துட்டேன்.”

“பதினோரு மணிக்குமா?”

“வயசானவன் எப்ப வேணா அசருவான்.”

அவள் சிரிக்கவில்லை. எழுந்து என் முதுகுக்குப் பின்னால் போனாள். என்ன செய்கிறாள் என்று பார்க்கத் திரும்பினேன். அழுதுகொண்டிருந்தாள்.

“மூணு தடவ கூப்பிட்டேன் மாமா, இப்ப.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “தாயி, ஒங்க அத்தைக்குத் தெரிய வேணாம். கேட்ட விட்டா எனக்கு வேற என்ன இருக்கு? இங்க ஒக்காந்து நாலு செவத்தக் கேலி பண்ணிக்கிட்டு இருக்கவா?”

“அத்த ஒக்காந்திருக்கது ஏழாம் நம்பர் ரூம்பு மாமா.”



“சனிக்கெழம வரைக்கும் பாப்பேன். நீங்களே பால்பாண்டி அண்ணன்கிட்டச் சொல்லணும். இல்லன்னா நான் சொல்லுவேன்.”

செப்டம்பர் 26, வியாழன்

காலையில் போனைத் துணிப்பட்டையில் வைத்து என் மேல்கையில் கட்டினாள். சத்தத்தோடு நடுங்கவும் வைத்திருக்கிறாள். மாட்டை ஈ கடித்த மாதிரி விடாமல் நடுங்குகிறது. விளக்கும் அடிக்கிறது. போனோடு நேராகப் பேசுவதால் இதெல்லாம் ஒரே ராத்திரியில் முடிந்ததாம். சோதனைக்கு ஐந்து தடவை அனுப்பினாள், ஐந்தையும் அமத்தினேன்.

இது போதும், சொல்ல வேண்டியதில்லை என்று சாயங்காலம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

 எழுத்து கோணலாக வருகிறது.

மூன்று நாற்பதுக்கு மேல்கை துள்ளியது. வானம் பாதி வெயில், பாதி கறுப்பு. போனில் சிவப்பாக எரிந்தது, ஒன்பது கிலோமீட்டர். கயிற்றைப் பிடித்து இழு இழு என்று இழுத்தேன்.

ஒருத்தரும் வரவில்லை.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஏழாம் ரூம் தெரியும். வாசலில் சுப்புத்தாய் எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுபடி இழுத்தேன். நாலாம் ரூமிலிருந்து இரண்டு பேர் வந்து நின்று வானத்தைப் பார்த்தார்கள். தலைக்கு மேலே வெயில்தான். திரும்பிவிட்டார்கள். போனைப் பார்த்தேன், ஆறு கிலோமீட்டர்.

போனைக் கழற்றி ஸ்டூலில் வைத்தேன். செருப்பை உதறினேன், அதுவும் உள்ளே ஆகாது. கேட்டைத் தாண்டி ஓடினேன். பதினாலு வருடத்தில் மருந்து ரூம் பக்கம் நான் கால் வைத்ததில்லை.

“வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!”

ஏழாம் ரூம் வாசலில் சுப்புத்தாய் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் வாயைப் பார்த்தே படித்தேன். “பாக்கத்தான் வந்துட்டியே மாமா, மூஞ்சிய நல்லாப் பாத்துட்டுப் போ.”

“வெளையாட்டு இல்ல தாயி!”

“நீ என்னைக்கு வெளையாடாம இருந்த?”

அப்போதுதான் வாயில் வந்தது. அப்படிக் கத்தியது நானா என்று இப்போதும் தெரியவில்லை. “எனக்குக் காது கேக்காது! ரெண்டு காதும் கேக்காது! அன்னைக்கு இடி இடிச்சது எனக்குக் கேக்கல. லாரியும் கேக்கல. தெரிஞ்சிரும்னு பயந்து கேலி பண்ணுனேன். இன்னைக்கு நான் சொல்லல, போன் சொல்லுது. வாங்கடி!”

சுப்புத்தாயின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ராக்கம்மா உள்ளேயிருந்து எழுந்தாள். அவசரப்படவில்லை. கையிலிருந்ததைத் தட்டில் வைத்தாள், பக்கத்தில் இருந்தவள் கையிலிருந்ததையும் வாங்கி வைத்தாள், நாலு பேரையும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து மற்ற ரூம்களும் காலியாயின. பால்பாண்டி ஒவ்வொரு ரூமாக எட்டிப் பார்த்துக்கொண்டே கடைசியாக வந்தார்.

கூடத்துக்குள் தலை எண்ணிக்கொண்டிருந்தபோது எல்லாம் வெள்ளையாகிவிட்டது. என் நெஞ்சில் யாரோ உள்ளங்கையால் அடித்த மாதிரி இருந்தது. நாற்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு குத்த வைத்துவிட்டார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய சத்தம் என்று அவர்கள் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஏழாம் ரூமுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பனை எரிந்தது. ரூமுக்கும் அதற்கும் முப்பது அடி இருக்கும். ரூமுக்கு ஒன்றும் ஆகவில்லை. மழை வந்துதான் பனையை அணைத்தது.

ராக்கம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துச் சொன்னாள்.

“எனக்குத் தெரியும்.”

“எப்பருந்து?”

“ரெண்டு வருசமா.”

“பெறகு எப்பிடிடீ அந்த ரூம்புல ஒக்காந்திருந்த?”

“என் காது நல்லாத்தான இருக்கு? இடிச்சா நான் மொதல்ல எந்திரிப்பேன். திங்கக்கெழம பால்பாண்டிய ஓடச் சொன்னது நான்தான். இன்னைக்குத்தான் தூரத்து இடி எனக்கும் கேக்கல.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா ஒங்கள வீட்டுக்கு அனுப்பிருவாக. வீட்ல நீங்க என்ன செய்வீக?”

ஈஸ்வரியிடம் நான் சொன்ன அதே நியாயம். அதைச் சொல்லிக்கொண்டு அவள் இரண்டு வருடம் மருந்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பனை எரிந்தபோது கூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

அவளுக்குப் பின்னால் சுப்புத்தாய் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

செப்டம்பர் 28, சனி

காலையில் பால்பாண்டியிடம் நானே போனேன். சொல்ல மிச்சம் ஒன்றுமில்லை என்றாலும் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பெண்கள் கூடிப் பேசி, மணிக்கயிறு இனிமேல் தங்களில் ஒருத்தி கையில்தான் இருக்க வேண்டும் என்றார்களாம். சுப்புத்தாயைக் கேட்டில் போட்டிருக்கிறார்கள். என் போனையே அவளிடம் கொடுத்துவிட்டேன். ஆப் அதில்தான் பழகியிருக்கிறது, வேறு போனில் மறுபடி சோதிக்க நாளாகும் என்று ஈஸ்வரி சொன்னாள். பட்டையைச் சுப்புத்தாய் கையில் கட்டிவிட்டேன். வாங்கிக்கொண்டாள். ஒரு கேலியும் வரவில்லை.

எனக்கு இனிமேல் வீடுதான். ராக்கம்மாவுக்கு அதே ஏழாம் ரூம். அவளோடு அங்கே இன்று யாரும் பேசவில்லையாம். “எங்க உசுரையும் சேத்துல்ல நீ காதுல வச்சுக் காத்த, கேட்டியா எங்கள?” என்று சுப்புத்தாய் கேட்டாளாம்.  

அக்டோபர் 1, செவ்வாய்

பருப்பு வேக வைத்தேன். தீய்ந்துவிட்டது. குக்கர் விசில் எனக்கு எங்கே கேட்கிறது?

ஈஸ்வரி முதலாளி போனுக்கான பாஷையை ஆரம்பித்துவிட்டாள். முதல் பாஷையை ஒழுங்காக முடித்த பிறகு இது அவ்வளவு பயமாக இல்லை என்கிறாள்.

அக்டோபர் 3, வியாழன்

நாலு மணிக்கு வீட்டுக்குள் திடீரென்று இருட்டியது. தெருவுக்கு வந்தேன். ஆலைப் பக்கம் வானம் கறுத்துத் தொங்கியது. கையில் போன் இல்லை. பக்கத்தில் ஈஸ்வரி இல்லை. ராக்கம்மா ஏழாம் ரூமில் இருக்கிறாள். இடிக்கிறதா இல்லையா என்று கூட எனக்குத் தெரியாது.

எதிர்வீட்டு வேலம்மா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக எதிரெதிரே இருக்கிறோம். அவளைக் கேலி பண்ணாத நாள் இல்லை. அவள் என்னவோ சொன்னாள். மழை வருது என்றிருப்பாள். வழக்கமாக அந்த மாதிரி நேரத்தில் எதையாவது சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

தெருவைத் தாண்டி அவள் முன்னால் போய் நின்றேன்.

“வேலம்மா, எனக்குக் காது கேக்காது. இடி இடிக்குதா?”

துணியை மார்போடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கேலி என்று நினைத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. நினைக்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டினாள்.

“ஆல மணி? மணி அடிக்குதா?”

கையை உயர்த்தி என்னைப் பொறுக்கச் சொன்னாள். ஆலை இருக்கிற கிழக்குப் பக்கம் தலையைச் சாய்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அவள் புருவம் சுருங்கியே இருந்தது. மழைத்துளி ஒன்று என் கண்ணில் விழுந்தது, துடைக்கவில்லை.

பிறகு அவள் துணியையெல்லாம் ஒரு கையில் மாற்றிக்கொண்டு, மற்றக் கையை மேலே தூக்கி, கயிற்றைப் பிடித்து இழுப்பது போல இழுத்துக் காட்டினாள். விடாமல், விடாமல் இழுத்தாள்.

தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.